பெரியமேடா, பெரிய ஷோரூமா, ஆன்லைனா: ட்ரெக்கிங் சாமானை எங்கே வாங்கலாம்?

சென்னையில் மலையேற்றச் சாமான் வாங்குகிறவர்களின் புலம்பல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய ஷோரூமின் ஆப்பில் ஸ்டாக் இருப்பதாகக் காட்டியது, ஓஎம்ஆரில் இருக்கும் கடை வரை போனால் சைஸ் இல்லை. பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடையில் சைஸ் இருந்தது, ஆனால் முதல் மலையிலேயே சோல் கழன்றது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் பில்லின் அடியில் அச்சடித்த வரியைக் காட்டினார். ஆன்லைனில் வந்த பெட்டியில் இடது கால் 8, வலது கால் 9. மால் ஷோரூமில் எல்லாம் சரியாக இருந்தது, விலை மட்டும்தான் சரியில்லை.

இந்த நாலில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நாலும் காலை வாரும், வாரும் இடம்தான் வேறு. எந்தப் பொருளில் எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பதே கெட்டிக்காரத்தனம். ஹெட்லேம்ப் தப்பாக வந்தால் மாற்றிக்கொள்ளலாம். வெள்ளியங்கிரியின் ஆறாவது மலையில் சோல் பிய்ந்தால் மாற்றித் தர ஆளில்லை. (வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர் என்பது வேறு விஷயம்.)

பெரிய ஷோரூம்

டெகத்லான் போன்ற சங்கிலிக் கடைகளின் பெரிய லாபம் விலையல்ல, நேரம். ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கடைக்குள் நடந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கூடாரத்தை விரித்தே வைத்திருப்பார்கள், உள்ளே படுத்துப் பார்க்கலாம். முதல் தடவை வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

சிக்கல் ஸ்டாக் கணக்கில் இருக்கிறது. ஆப் காட்டும் எண், அலமாரியைப் பார்த்துச் சொல்வதல்ல. வந்த சரக்கில் பில் போட்டதைக் கழித்து வருவது. யாரோ போட்டுப் பார்த்துவிட்டு வேறு வரிசையில் வைத்துவிட்டுப் போன ஜோடி, ட்ரையல் அறையில் கிடக்கும் சட்டை, திரும்பி வந்து இன்னும் சரிபார்க்காத பொருள், திருட்டுப் போனது என்று எல்லாமே கணக்கில் 'உண்டு' என்றே நிற்கும். பொருள்களில் ஆர்.எஃப்.ஐ.டி. சிப் (ரேடியோ அலையால் எண்ணக்கூடிய சிறு அடையாளச் சிப்) இருந்தாலும் அடுத்த முறை ஸ்கேன் செய்யும்வரை இந்தப் பிழை அப்படியேதான் இருக்கும். அதனால் ஒன்று, இரண்டு என்று காட்டினால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கு மேல் காட்டினால் நம்பிப் போகலாம். நடுவில் இருந்தால் ஆன்லைனில் பணம் கட்டி, கடையில் எடுத்துக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுத்து, 'தயார்' என்று செய்தி வந்த பிறகே வண்டியை எடுங்கள். அப்படி ஆர்டர் போட்டால் ஊழியர் ஒருவர் அந்தப் பொருளைத் தேடிக் கையில் எடுத்தாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் உங்களுக்கு மிச்சம் பெட்ரோல்.

சைஸ் தீர்ந்துபோவதற்கும் காரணம் இருக்கிறது. ஷூக்கள் கடைக்கு செட்டாக வரும். நடு சைஸ்களான 7, 8, 9 கூடுதலாகவும், ஓரத்து சைஸ்கள் ஒன்றிரண்டாகவும் இருக்கும். நடு சைஸ் நிறைய வந்தாலும் முதலில் தீர்வதும் அதுதான். 11, 12 காலுக்கு வந்ததே ஒரு ஜோடியாக இருக்கும். பெண்களுக்கான கணுக்கால் உயர ஷூக்களில் தேர்வு இன்னும் குறைவு. வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த மாடல் இங்கே ஏன் இல்லை என்று ஊழியரிடம் சண்டை போடுவதிலும் பயனில்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச் சான்று கட்டாயமாகியிருக்கிறது. சான்று பெறாத ஆலையில் செய்த ஷூவை இங்கே இறக்கி விற்க முடியாது.

மழைச் சாமானில் சென்னைக்காரருக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நாட்டின் பெரும்பகுதிக்கு மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நாடு முழுமைக்கும் ஒரே திட்டம் போடும் கடையில் மழைக்கோட்டு ஜூனில் முன்வரிசைக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தேடினால் எக்ஸ்எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும்தான் தொங்கும். வெயில் கொளுத்தும்போதே மழைக்கோட்டு வாங்குவது நம்மூர் வழக்கத்துக்குச் சரியாக வரும்.

சேவையைப் பற்றிய குறை வேறு வகை. ஆளே இல்லை, இருக்கிற ஆளுக்கும் தெரியவில்லை என்பார்கள். இந்தக் கடைகளில் ஊழியர்களைப் பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். நீச்சல் பிரிவுத் தம்பியிடம் ட்ரெக்கிங் ஷூவின் மெத்தையைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன செய்வார் பாவம்? 'மலையேற்றப் பிரிவு யார் பார்க்கிறார்கள்?' என்று கேட்டு அவரைப் பிடியுங்கள். ஞாயிறு மாலையில் அதுவும் நடக்காது. வார நாளில், மாலை நாலு மணிவாக்கில் போவது இரண்டு விதத்தில் நல்லது: கூட்டம் இருக்காது, காலும் பகல் முழுக்க நடந்து சற்றே வீங்கியிருக்கும். மலையில் இருக்கப்போகும் காலும் அப்படித்தான்.

பெரியமேடு

நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி, சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகள் வேறு உலகம். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். கிரிக்கெட் மட்டை, ராக்கெட் நரம்பு, கேரம் போர்டு, ஷட்டில் நெட் போன்றவற்றுக்கு இங்கே கிடைக்கும் அறிவு எந்த மாலிலும் கிடைக்காது. மட்டையை வாங்கினால் எண்ணெய் பூசுவதா, எத்தனை மணி நேரம் தட்டிப் பழக்குவது என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். எம்.ஆர்.பி.யிலிருந்து குறைத்துக் கேட்பதும் வழக்கம்தான்.

ட்ரெக்கிங் சாமானுக்கு இங்கே வந்தால் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணை அகல விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்: ஸ்டாக்கின் வயது.

கனமான ட்ரெக்கிங் ஷூவின் மிட்சோல், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்தை, இரண்டு வகையில் வரும். ஓட்ட ஷூக்களில் இருக்கும் இலேசான நுரைக்கு இ.வி.ஏ. என்று பெயர். முதுகில் பாரத்தோடு நடப்பதற்காகச் செய்த பூட்ஸ்களில் பெரும்பாலும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன். அது சீக்கிரம் நசுங்காது, பாரம் தாங்கும். அதன் எதிரி தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னையின் காற்றோட்டமில்லாத மாடி குடோனைவிட இதற்கு வசதியான இடம் வேண்டுமா? ஷூவை யாரும் போடாமலே இந்தச் சிதைவு நடக்கும் என்பதுதான் வாங்குகிறவர்களை ஏமாற்றும் இடம். பெட்டியில் பளபளவென்று இருக்கும். மலையில் முதல் பத்துக் கிலோமீட்டரில் மெத்தை ரொட்டித் தூளாக உதிர்ந்து, அடி ரப்பர் தனியே கழன்று விழும்.

கடையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, இது எப்ப வந்த ஸ்டாக்?"

"ஃப்ரெஷ்ஷு தம்பி, போன வாரம்தான் பெட்டி பிரிச்சோம்."

பிரித்தது போன வாரமாக இருக்கலாம். செய்தது எப்போது என்பதைப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் நீங்களே பாருங்கள். பாக்கெட் செய்து விற்கும் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி.யும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும் அதில் இருக்க வேண்டும். பெட்டி மாறிப்போயிருக்கலாம் என்பதால் ஷூவின் நாக்குக்கு உள்ளே தைத்த லேபிளையும் பாருங்கள். பல பிராண்டுகள் அங்கே மாதம், ஆண்டு போடுகின்றன. பி.யூ. மிட்சோல் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட ஜோடியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இ.வி.ஏ. என்றால் அவ்வளவு பயமில்லை, ஆனால் ஒட்டுப் பசை காய்ந்திருக்கலாம்.

தேதி கிடைக்கவில்லை என்றால் கையால் பார்க்கலாம். மிட்சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுங்கள். நல்ல பி.யூ. உடனே மீண்டுவிடும், கெட்டது பள்ளத்தை வைத்துக்கொள்ளும், அல்லது மெல்லிய வெடிப்பு விடும். முன்பாதத்தைப் பத்து முறை நன்றாக மடக்கி, சோலும் மேல் பகுதியும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பாருங்கள். பிசுபிசுப்பு, வெள்ளைப் பொடி, மஞ்சளாகிப்போன பசை, இவற்றில் எது இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். ஷோகேஸில் இருந்த ஒற்றைக் காலை எடுத்து ஜோடி சேர்த்துத் தருவதும் உண்டு. இரண்டின் நிறத்தையும் உள் லேபிள் எண்ணையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிய ஷூவின் சோல் விட்டுவிட்டதா? பிரிந்த இரண்டு பரப்பையும் பாருங்கள். இரண்டும் வழவழப்பாகச் சுத்தமாக இருந்தால் விட்டது பசை. தெருமுனைத் தொழிலாளியிடம் ஒட்டி, சுற்றிலும் தையல் போட்டால் இன்னும் சில காலம் ஓடும். இரண்டிலும் நுரைத் துணுக்கு ஒட்டியிருந்தால் போனது மெத்தை. தையல் பிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை, காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இதே சிதைவு கூடாரத்தின் உட்பூச்சிலும் மழைக்கோட்டிலும் பையின் உள்பக்கத்திலும் நடக்கும். மடிப்பை விரிக்கும்போது ஒட்டிக்கொண்டு பிரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ, அந்தத் துணி இனி மழை தாங்காது. தையலின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஓரம் எழும்பினால் அதுவும் பழைய சரக்கு.

மால் ஷோரூம்

வேளச்சேரி ஃபீனிக்ஸ், எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி மால்களில் இருக்கும் பிராண்டு ஷோரூம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பிராண்டு, கொஞ்சம் மாடல், முழு விலை. வாங்கத் தகுந்தது பை. ஜிப்போ பக்கிளோ போனால் எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு நிச்சயமான பதில் இருக்கும், உத்தரவாதச் சீட்டைக் கேட்காமலே கொடுப்பார்கள். ஆனால் உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கு இல்லை. ஜிப் பற்கள் நன்றாக இருந்து ஸ்லைடர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் சர்வீஸுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். பை தைக்கும் கடையில் ஸ்லைடரை மட்டும் மாற்றிவிடலாம்.

வாங்குவதற்கு முன் பையில் ஆறேழு கிலோ எடை போட்டுத் தரச் சொல்லுங்கள். காலிப் பை யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். இடுப்புப் பட்டை இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும், பாரத்தில் பெரும்பங்கு அங்கே இறங்க வேண்டும். தோளே சுமந்தால் முதுகின் நீளத்துக்கு அந்தப் பை பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ஆன்லைன்

தேர்வு மிக அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. தொந்தரவு இரண்டு: சைஸ், திருப்பி அனுப்புதல்.

நம்மூர் சைஸ் எண் பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய அளவில் அது 6.7 மி.மீ. இரண்டு அளவுகோலும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவே பொருந்தாது. அதனால்தான் ஒரு பிராண்டின் 42 நமக்கு எட்டாகவும், இன்னொன்றின் 42 ஏழரையாகவும் வருகிறது. அமெரிக்க எண் ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்று கூடுதல். இறக்குமதி மாடலில் 9 என்று போட்டிருந்தால் அது எந்த ஊர் 9 என்று பாருங்கள். எண்ணை விட்டுவிட்டு அளவுக்குப் போவதே நல்லது. மாலையில், ட்ரெக்கிங் சாக்ஸ் போட்டுக்கொண்டு, குதிகாலைச் சுவரில் முட்டி ஒரு தாளின் மேல் நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு மி.மீட்டரில் அளந்து, 10 முதல் 12 வரை கூட்டுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காமல் இருக்க அந்த இடம் வேண்டும். அது இல்லாமல்தான் நகம் கறுக்கிறது. இரண்டு காலையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பாதம் அகலமாக இருப்பவர்கள் நீளத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அதில் குதிகால் தூக்கும், கொப்புளம் வரும். அகல வடிவம் தரும் பிராண்டைத் தேடுவதே வழி.

ஆர்டர் போடும் முன் அந்தப் பொருளுக்கு 'பணம் திரும்பும்' என்று இருக்கிறதா, 'மாற்றித் தரப்படும்' என்று மட்டுமா என்று படியுங்கள். இரண்டாவது என்றால், உங்கள் சைஸ் அங்கே தீர்ந்துபோனால் மாட்டிக்கொள்வீர்கள். திருப்பும் காலக்கெடு பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. பிரிக்கும்போது மேல் ஸ்டிக்கர் தெரிய வீடியோ எடுங்கள். ஷூவைப் பாயின் மேல் மட்டும் நடந்து பாருங்கள். சோலில் மண் பட்டால் எடுத்துப்போக வரும் ஆள் வாசலிலேயே மறுத்துவிடலாம். திருப்பி அனுப்பும்போது ஷூ பெட்டியின் மேலேயே டேப் ஒட்டாதீர்கள், வெளியே இன்னொரு உறை போடுங்கள். இத்தனைக்கும் நேரம் வேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது ஆர்டர் போட்டால்தான் ஒருமுறை மாற்றி வாங்க இடமிருக்கும், வாங்கியதைப் போட்டுப் பழகவும் நாள் கிடைக்கும்.

அப்படியானால் எதை எங்கே

ஷூவைப் பெரிய ஷோரூமில், போட்டுப் பார்த்துத்தான். சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் படிக்கட்டு போதும். அங்கே பிடித்த மாடலின் அதே சைஸ் தீர்ந்திருந்தால் அதே பிராண்டின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அரை சைஸ் கூட்டிக் கடையிலேயே முடித்துவிடாதீர்கள்.

பை மால் ஷோரூமிலோ பெரிய ஷோரூமிலோ. ஹெட்லேம்ப், ஊன்றுகோல், உலர்பை (தண்ணீர் புகாத பை), சாக்ஸ் எல்லாம் ஆன்லைனில் தாராளமாக. தப்பாக வந்தாலும் பயணம் நிற்காது. ராக்கெட், மட்டை, பந்து பெரியமேட்டில். தேதி பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கே கயிறு, தார்ப்பாய், டி-ஷர்ட் எல்லாம் நல்ல விலையில் கிடைக்கும்.

கூடாரத்தைப் பலர் அவசரப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் நடக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஷூவும் தண்ணீர்ப் புட்டியும்தான். இமயமலைக்குக் குழுவாகப் போகிறவர்களுக்குக் கூடாரமும் ஸ்லீப்பிங் பேகும் பெரும்பாலும் நடத்துகிறவர்களே தருவார்கள். வருடத்துக்கு இரண்டு இரவுக்காக வாங்கி, மீதி நாளெல்லாம் சென்னைப் புழுக்கத்தில் பரண்மேல் வைத்தால் உட்பூச்சு உரிந்துபோகும். வாடகைக்கு எடுங்கள், ஆனால் கொடுக்கும் இடத்திலேயே ஒருமுறை விரித்து நிறுத்திப் பாருங்கள். ஃபைபர் கம்பியில் கீறல் இருக்கிறதா, முளைகளை எண்ணினால் சரியாக இருக்கிறதா என்று.

சமையல் அடுப்புக்கான கேஸ் குப்பியை மட்டும் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாம் என்று திட்டமிடாதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. ரயிலிலும் எரிவாயு கொண்டுபோகத் தடை. போகும் ஊரில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு அடுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியின் திருகும் உங்கள் அடுப்பின் திருகும் பொருந்துமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தகராறு வந்தால்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் முடிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். குறைபாடுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் காலக்கெடு சொல்லியிருந்தால் அதற்குள்ளும், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படித்தான். சைஸ் பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பவை குறைபாடு ஆகாது. அதை மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு. வாங்கும்போதே 'சைஸ் மாத்திக்கலாமாண்ணே, எத்தனை நாளைக்குள்ள?' என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. சாட்டில் வரும் ரோபோவிடம் மன்றாடுவதை விட்டுவிட்டு, தளத்தின் அடியில் இருக்கும் அந்த அதிகாரியின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் பில் வேண்டும். வெப்பத் தாளில் அச்சடித்த பில் சென்னைச் சூட்டில் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் பெட்டி ஸ்டிக்கரையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.